சீசன் முடியும் வரை நாலு ஏ வராது

நவம்பர் 15, வெள்ளி

குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறுவாழ்வு மையத்து பிலோ சிஸ்டர் இந்த டைரியைக் கையில் கொடுத்து, "தினமும் எழுதணும் இஞ்ஞாசி. ரெண்டு வரின்னாலும் போதும். பொய் மட்டும் எழுதக் கூடாது" என்றார்கள். பொய் எழுத எனக்கு என்ன வந்தது? ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் மறைத்துவைக்க என்ன இருக்கிறது? காலையில் எழுந்தேன், வண்டியைத் துடைத்தேன், சங்குமுனைக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் ஓட்டினேன், வந்தேன். எழுதியாயிற்று.

நாளை கார்த்திகை ஒன்று. சங்குமுனையில் சீசன் தொடங்குகிறது. மலைக்கு மாலை போட்ட சாமிமார் போகிற வழியில் இங்கே வந்து கடலில் குளித்துக் கோயிலுக்குப் போவார்கள். சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்க வடக்கே இருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். தை பிறக்கிற வரைக்கும் லாட்ஜில் ரூம் கிடைக்காது.

சாயங்காலம் நாலு ஏ வந்து எங்கள் மாதா கோயில் கொடிமரத்தடியில் நின்றது. எங்கள் வெள்ளாந்துறைக்கென்று இருக்கிற ஒரே டவுன் பஸ் அதுதான். இரவு இங்கேயே தங்கும். காலையில் முதல் நடை இங்கிருந்து சங்குமுனைக்குப் போகும். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இரவுச் சாப்பாடு ஊரில் முறை வைத்து வீடு வீடாகக் கொடுப்போம். அவர்களுக்கென்றே எங்கள் வீட்டில் இரண்டு எவர்சில்வர் தட்டு தனியாக இருக்கிறது. இன்று எங்கள் முறை. என் வீட்டுக்காரி சவேரி விளமீன் குழம்பு வைத்திருந்தாள்.

கண்டக்டர் பேச்சிமுத்து அண்ணாச்சி சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "மைனி கைச் சோறு இனி எப்பக் கெடைக்குமோ. நாளைலேருந்து வண்டிய சீசனுக்கு எடுக்காவ. போன வருஷம் ஒரு நடையத்தான எடுத்தாவ, இந்தத் தடவ மொத்தமா."

"அடப் பாவமே" என்றேன். பாவம் என்று நினைக்கவும் செய்தேன். பஸ் இல்லாவிட்டால் ஊர் மொத்தமும் என் வண்டியில்தான் ஏற வேண்டும் என்றும் நினைத்தேன். பொய் எழுதக் கூடாது என்றார்களே, அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 16, சனி

டிப்போ சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். சீசன் முடியும் வரை தடம் எண் 4ஏ இயங்காது, பயணிகள் பொறுத்துக்கொள்ளவும் என்று. பஸ்ஸே இல்லை, அப்புறம் என்ன பயணி, என்ன பொறுப்பது?

நாலு ஏயைப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து கலங்கரை விளக்குக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு மாப்பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். முன்கண்ணாடியில் 'சீசன் சிறப்பு' என்று பெரிய மஞ்சள் தாள். இதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. பின்கதவுப் பக்கம் நெளிந்த தகரத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. அதை வைத்துத்தான் நம் பஸ் என்று கண்டுபிடித்தேன்.

நவம்பர் 18, திங்கள்

வண்டியில் இன்று மூச்சு விட இடமில்லை. என் மகள் அமலி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், லாட்ஜ் வேலைக்குப் போகிற பெண்கள்.

பக்கத்து வீட்டு மார்த்தா லாட்ஜில் ரூம் துடைக்கிறாள். புருஷன் கடலில் போனவன், திரும்பவில்லை. மகள் ஜெர்லினும் அமலியும் ஒரே வகுப்பு, பிளஸ் டூ. ஜெர்லின்தான் வகுப்பில் முதல். அமலி அவளிடம்தான் கணக்குக் கேட்டுக்கொள்வாள்.

மார்த்தா வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தாள். "சீசனுக்கு ரூம் தொடைக்க நாங்க வேணும். நாங்க வாறதுக்கு வண்டி வேண்டாமாம். நல்லாருக்குல்லா நாயம்? பறந்தா வருவோம், இஞ்ஞாசி அண்ணே?"

இறங்கும்போது தனக்கும் மகளுக்குமாகக் காசு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். டீசல் என்ன கிணற்றிலா ஊறுகிறது? அமலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெர்லினுக்குப் பாதி போதும் என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் அமலி திரும்பவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மழை. வண்டி நிறைய ஆள். மாதாவுக்கு நன்றி.

நவம்பர் 26, செவ்வாய்

லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். சூரிய உதயம் பார்க்கிறவர்களைத் தினமும் காலையில் கலங்கரை விளக்குக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சீசன் முழுக்க. ஒரே சவாரியில் ஊர்க்காரர்களிடம் ஒரு நாள் முழுக்க வாங்குவது கிடைக்கும். அமலியை நர்சிங் சேர்க்க வேண்டும். எவன் வேண்டாம் என்பான்?

ஊர் நடை காலையில் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். அமலியை மட்டும் விடியும்போதே கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் விடுகிறேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். மற்றவர்கள் உப்பளத்து வழியாக நடக்கிறார்கள். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் நின்று சிறப்பு பஸ்ஸுக்குக் கை காட்டிப் பார்த்தார்களாம். நிற்கவே இல்லையாம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கை காட்டியவர்களைப் பார்த்துத் திருப்பிக் கை அசைத்தார்களாம். மார்த்தா சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

பூசை முடிந்து ஊர்க்கூட்டம். கமிட்டித் தலைவர் தொம்மை அண்ணன் மைக்கைப் பிடித்தார். கலெக்டர் வரை மனுக் கொடுத்தாயிற்று, ஒருத்தனும் ஏன் என்று கேட்கவில்லை என்றார்.

மார்த்தா எழுந்து நின்றாள். "எனக்கு மனுவெல்லாம் தெரியாது. மழையில நனைஞ்சு எம்பிள்ள ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடந்தா. அரையாண்டுப் பரீட்ச வருது. அதுக்குள்ள பஸ் வந்தா அவ படிப்பா. வரலன்னா றால் உரிக்கிற கம்பெனிக்கு அனுப்பிருவேன். எந்தங்கச்சி மக அங்கதான் நிக்கா, ஆஸ்டல்ல தங்கிக்கிடலாம். வெளியூருன்னாலும் தெனம் நடக்க வேண்டாம்லா."

ஜெர்லின் தலையைக் குனிந்துகொண்டு தாவணி நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அமலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஏல இஞ்ஞாசி, பேச்சிமுத்து ஒனக்குத்தான பழக்கம், அவன்ட்ட பேசு" என்றார் தொம்மை அண்ணன். கூட்டத்திலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பேச்சிமுத்து அண்ணாச்சி, "நான் மேனேஜர் கால்ல விழுந்தாவது கேக்கேன். பொம்பளப் பிள்ளேளுக்குப் பரீட்சன்னு சொல்லுதேன். ஏதாவது சேதின்னா ஒமக்குப் போன் போடுதேன், ஊருக்கு நீரு சொல்லிரும்" என்றார். கை தட்டினார்கள். பேசியது நான் என்பதால் எனக்கும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

டிசம்பர் 5, வியாழன்

மேனேஜர் இன்னொரு குடும்பத்தையும் கொடுத்தார். நல்ல சீசன். சவேரிக்குக் காது வலி, மருந்து வாங்க வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாதா திருநாள். பூசை முடிந்ததும் தொம்மை அண்ணன் எல்லாரையும் கொடிமரத்தடிக்கு வரச் சொன்னார்.

"நாளக் கழிச்சுப் பரீட்ச. இனிப் பொறுத்தா நாம மனுசங்களே இல்ல. நாளக் காலையில விலக்குல போயி நிக்கோம். ஆம்பள பொம்பள எல்லாரும். எந்த பஸ் வந்தாலும் மறிக்கோம். செறப்பு கிறப்புன்னு ஒருத்தனையும் விடக் கூடாது. பஸ்ஸச் செறபுடிச்சாத்தான் அதிகாரி எறங்கி வருவான்."

வருவான் என்று ஊரே கத்தியது. நானும் கத்தினேன். எனக்குக் காலைச் சவாரி இருக்கிறது, ஆனால் மனசு ஊரோடுதான் என்று தொம்மை அண்ணனிடம் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அமலி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்து அண்ணாச்சி போன். சந்தோஷத்தில் அவருக்குக் குரல் உடைந்தது.

"வே, மேனேஜர் ஒத்துக்கிட்டாரு! நாளக் காலையில நாலு ஏ டிப்போலேருந்து நேரா ஒங்க ஊருக்கு வருது. நானே கூட வாறேன். பரீட்ச முடியுற மட்டும் காலையிலயும் சாயங்காலமும் உண்டு. சீசன் முடிஞ்சதும் பழையபடி. ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிரும்."

சரி அண்ணாச்சி என்றேன். மறியல் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஊரில் சொல்லிவிட்டால் மறியலே இருக்காதே, அவரை ஏன் கலங்கடிப்பது?

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சப்பரம் புறப்பட்டுவிட்டது. தொம்மை அண்ணன் சப்பரத்துக்குத் தோள் கொடுத்து நடுவில் நின்றார். பேண்டு வாத்தியம், வெடி. அந்தச் சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. மாதாவைத் தூக்கிக்கொண்டு போகிறவரிடம் பஸ் கதை பேசுவதும் சரியில்லை. மார்த்தா செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் வந்தாள். அவளிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் போனபோது லாட்ஜ் மேனேஜர் போன் பண்ணிவிட்டார். ஒரு குடும்பத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், உடனே. போனேன்.

திரும்பி வந்தபோது ஊர் அடங்கிவிட்டது. பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு ஊரில் எத்தனை வீடு பழக்கம்! வேறு யாருக்காவது போன் போட்டிருப்பார். போடாவிட்டாலும், பஸ் வந்து நின்றால் போர்டைப் பார்க்க மாட்டார்களா? கண் இல்லையா?

பஸ் வந்தால் எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

சவேரி சொன்னபடி எழுதுகிறேன். நான் அப்போது கலங்கரை விளக்கில் இருந்தேன். மேகம். சூரியன் தெரியவில்லை. சவாரிக்காரர்கள் என்மேல் கோபப்பட்டார்கள்.

விலக்கில் ஊரே நின்றதாம். தூறல், சரியாக விடியவில்லை. டிப்போப் பக்கமிருந்து பஸ் வந்தது. கண்ணாடியில் மஞ்சள் தாள், சீசன் சிறப்பு. அந்தத் தாளைக் கிழிக்க டிப்போவில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அது போர்டை மறைத்துக்கொண்டிருந்தது. ரோட்டின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் புதுசு, ஊரைத் தெரியாது. பயந்துபோய் ஆரன் அடித்துக்கொண்டே வண்டியை நகர்த்தினான். அவ்வளவுதான், எங்கள் பையன்கள் பானெட்டில் அடித்தார்கள். பேச்சிமுத்து அண்ணாச்சி கதவைத் திறந்து இறங்கி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "ஏ, இது ஒங்க பஸ்ஸுய்யா! ஒங்களுக்குத்தான்யா வந்திருக்கு!" என்று கத்தியிருக்கிறார். யார் காதில் விழும்? கல் வந்தது. யார் எறிந்தது என்று தெரியவில்லை. ஒரு கல் கண்ணாடியில். இன்னொன்று அவர் நெற்றியில்.

மார்த்தாதான் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்து முந்தானையால் கட்டினாளாம். அப்போதுதான் அவர், "பரீட்சைக்காக விட்டது தாயி" என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடி உடைந்து மஞ்சள் தாள் கீழே விழுந்ததும் போர்டு தெரிந்தது. 4ஏ வெள்ளாந்துறை.

எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஓடாதது இரண்டு பேர்தான். தலைவர் என்பதால் தொம்மை அண்ணன். தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மார்த்தா. இரண்டு பேரையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இது பெரிய அநியாயம். அந்தத் தாளை முதலிலேயே கிழித்திருந்தால் ஒன்றும் இல்லை. டிப்போக்காரர்களின் தப்பு.

டிசம்பர் 10, செவ்வாய்

அரையாண்டு ஆரம்பம். அமலி தமிழ்ப் பரீட்சை எழுதினாள். ஜெர்லின் எழுதவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அம்மாவுக்குச் சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வண்டியில் அந்த வழியாகப் போனேன். சவாரி இருந்ததால் நிற்க முடியவில்லை.

சாயங்காலம் மார்த்தாவை விட்டுவிட்டார்கள். கேஸ் இருக்கிறதாம். பேச்சிமுத்து அண்ணாச்சிக்குத் தையல் போட்டிருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 14, சனி

தொம்மை அண்ணன் ஜாமீனில் வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஏல, பேச்சிமுத்து ஒனக்குப் போன் போடுதேன்னுதான சொன்னான். போடலியா?"

"போட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டனா அண்ணே? என்ன பேச்சுப் பேசுதிய?"

"அதான பாத்தேன். மறந்துருப்பான் மடையன். ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் போன பிறகுதான் அமலி கதவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தேன்.

பிறகு டியூஷனுக்குக் கொண்டுபோகும்போது வண்டியில் சொன்னாள்: "பேச்சிமுத்து மாமா போன் பண்ணினப்ப நான் பக்கத்துலதாம்ப்பா இருந்தேன்."

பின் டயர் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். அமலி என்னோடு பூசைக்கு வரவில்லை. மார்த்தாவோடும் ஜெர்லினோடும் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

ஜனவரி 4, சனி

டிப்போவில் விசாரணை நடக்கிறது. அடிபட்டவர் வாக்குமூலம்தான் முக்கியமாம். "ஊர்க்காரங்க தெரியாமச் செஞ்சது, பஸ்ஸ நிறுத்த வேண்டாம்" என்று அவரே எழுதிக் கொடுத்தால் சீசன் முடிந்ததும் நாலு ஏ வந்துவிடும், கேஸும் லேசாகிவிடும் என்று தொம்மை அண்ணன் யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார். பேச்சிமுத்து நம்ம மேல உசிரா இருந்தவன், நீ போய் ஒரு வார்த்தை பேசு என்று என்னைத்தான் அனுப்பினார். மார்த்தா வண்டி வரைக்கும் வந்து, "என் பிள்ளைக்காக ஒருக்கா கேளும்ணே. முழுப் பரீட்ச எழுதிட்டான்னா போதும். இத விட்டா எனக்கு வேற வழி இல்ல" என்றாள்.

போனேன். பேச்சிமுத்து அண்ணாச்சி டிப்போ வாசல் டீக்கடையில் இருந்தார். நெற்றியில் புருவத்துக்கு மேலே தழும்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவரே டீ சொன்னார். மைனி எப்படி இருக்கா, அமலி பரீட்சை எப்படி எழுதினா என்று கேட்டார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எழுதிக் குடுக்கேன் வே. அதுக்குத்தான இருக்கேன். தெரியாமத்தான் செஞ்சிருப்பாவன்னு எனக்குத் தெரியாதா? மார்த்தா எப்பிடி அழுதா தெரியுமா அன்னைக்கு! ஒண்ணே ஒண்ணுதான் மனசுல உறுத்துது. நான் ஒம்மட்டச் சொன்னனே, நீரு ஊர்ல சொன்னீரா?"

டீ சூடாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அந்தத் தழும்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. பக்கத்தில் நாலைந்து டிரைவர்கள் நின்றார்கள், எல்லாருக்கும் என்னைத் தெரியும். இல்லை என்றால் அந்தக் கல்லை எறிந்தது நான் என்று ஆகிவிடும்.

"சொன்னேன் அண்ணாச்சி. தொம்மை அண்ணன்ட்டயே சொன்னேன்."

அவர் என் கையை விட்டார்.

"அப்பத் தெரிஞ்சேதான் எறிஞ்சிருக்கானுவ. பத்து வருஷமா அந்த ஊருச் சோத்தத் தின்னவன் வே நான். என்னய அடிக்கணும்னே நின்னிருக்கானுவ."

மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். டிப்போவுக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள் என்று போர்டு இருக்கிறது.

ஊரில் கேட்டவர்களிடம், பார்ப்போம் என்றார் என்று சொன்னேன். வருகிற வழியில் சாராயக் கடைப் பக்கம் வண்டி தானாக மெதுவாகிவிட்டது. நிறுத்தவில்லை. இதை சிஸ்டரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

ஜனவரி 13, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. தொம்மை அண்ணன் கொடிமரத்தடியில் நின்று வாசித்தார். ஊழியர் பாதுகாப்பைக் கருதித் தடம் 4ஏ நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது. பேருந்து வருவதை ஊர்த் தலைவர் முன்னதாகவே அறிந்திருந்தும் தாக்குதல் நடந்ததாக நடத்துநர் வாக்குமூலம் அளித்திருக்கிறார்.

தொம்மை அண்ணன் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். "நானா? எனக்கா தெரியும்? மாதா சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா" என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துச் சொன்னார். ஊர் கொதித்தது. பச்சைத் துரோகி, சோறு போட்ட ஊருக்கு இப்படியா செய்வான் என்று பேச்சிமுத்து அண்ணாச்சியை ஏசாத வாய் இல்லை. நானும் கூட்டத்தில்தான் நின்றேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது சவேரி அந்த இரண்டு எவர்சில்வர் தட்டையும் பழைய துணியில் சுற்றிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் போன் விஷயத்தை அமலி அவளிடம் சொல்லிவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"வெளிய சொல்லி நாங்க எங்க போக? ஒங்க மூஞ்சிலதான நாங்களும் முழிக்கணும்" என்றாள். சோறு போட்டாள். எதிரே உட்காரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் மார்த்தா வந்து வண்டி கேட்டாள். ரயிலுக்குப் போக வேண்டும். ஜெர்லின் றால் கம்பெனிக்குப் போகிறாள்.

ஒரு துணிப் பை, ஒரு பக்கெட், பக்கெட்டுக்குள் தட்டும் டம்ளரும். இவ்வளவுதான் சாமான். புத்தகம் எல்லாவற்றையும் அமலியிடம் கொடுத்துவிட்டாள். அமலி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அவளோடு பின்னால் ஏறினாள். விலக்கைத் தாண்டும்போது ரோட்டோரம் இன்னும் கண்ணாடித் தூள் கிடந்தது.

ஸ்டேஷனில் இறங்கும்போது ஜெர்லின் கேட்டாள்: "மாமா, அடுத்த வருஷம் பஸ் விட்டுருவாங்களா? விட்டா நான் வந்து பரீட்ச எழுதிருவேன்."

"விட்டுருவான் மக்களே. விடாம எங்க போவான்" என்றேன்.

மார்த்தா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினாள். வேண்டாம் மார்த்தா, இருக்கட்டும் என்றேன். விடவில்லை.

"பிடியும்ணே. நாலு ஏயில போயிருந்தா டிக்கெட் இல்ல. இது பஸ் இல்லல்லா. நீரும் பொழைக்கணும்ல."

கோபத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். ஊருக்காக டிப்போவுக்குப் போய்க் கேட்டு வந்தது நான்தான் என்பதற்காக ஊரிலேயே எனக்கு நன்றி சொன்னவள் அவள் ஒருத்திதான். காசை வாங்கிப் பையில் போட்டேன். அமலி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

சீசன் முடிந்துவிட்டது. கடற்கரையில் காகிதமும் தேங்காய் மட்டையும்தான் கிடக்கின்றன. லாட்ஜ் மேனேஜர் போனை எடுப்பதில்லை. நாலு ஏ டிப்போவில் புதுக் கண்ணாடி போட்டுச் சும்மா நிற்கிறது. வேறு ஊருக்கு விடப் போகிறார்களாம்.

காலையில் ஊருக்குள் வண்டியைப் போட்டு ஆரன் அடித்தேன். ஆள் வரவில்லை. சீசனில் எங்களை விட்டுவிட்டுப் போனவன்தானே என்று பெண்கள் நடக்கிறார்கள். பழகிவிட்டது என்கிறார்கள்.

அமலி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். வண்டியைத் தாண்டிப் போனாள். வெயில் ஏறும் மக்களே, ஏறு என்று பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனேன். கேட்காதவள் மாதிரி நடந்தாள்.

விலக்கில் மார்த்தா தூக்குச்சட்டியோடு வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து நின்றாள்.

"ஏட்டி அமலி, அப்பா வண்டி சும்மாத்தான வருது? ஏறிக்கிட வேண்டியதுதான. ஒனக்கு என்ன தலவிதியா நடக்க?"

அமலி திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"நாலு ஏ வரட்டும் அத்த. அதுல ஏறிக்கிடுதேன்."

மார்த்தா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஜெர்லின் நினைப்பில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வண்டியை முதல் கியரிலேயே பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றும் குடிக்கவில்லை.